ஒரு வாரம், ஒரு சிறிய நாடு: ஸ்லோவேனியாவா, மால்டாவா, லக்சம்பர்க்கா?

ஐரோப்பா போவதென்று முடிவானதும் நம் வீடுகளில் தயாராகும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம், முடிந்தால் ஆம்ஸ்டர்டாம். பத்து நாளில் ஐந்து நாடு. காலையில் பெட்டியைக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றுவது, இரவில் வேறு ஊரில் இறக்குவது, நடுவில் கிடைத்த நேரத்தில் ஊர் பார்ப்பது. முதல் முறை போகிறவர்கள் ஈஃபில் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்பினால் உறவினர்களுக்குப் பதில் சொல்லி மாளாது என்பதால் அதைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் இரண்டாவது முறை போகிறவர்களும், கூட்டத்தில் இடிபடப் பிடிக்காதவர்களும் சிறிய நாடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாம். காலையில் குகை, மறுநாள் கடல், அதற்கு மறுநாள் மலை என்று போய்வந்தாலும் பெரும்பாலான இரவுகளில் அதே கட்டில்தான். வயதான பெற்றோரையோ சிறு பிள்ளைகளையோ கூட்டிப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிறிய நாடு என்றதும் வத்திக்கான், மொனாக்கோ, சான் மரினோ, லீக்டன்ஸ்டைன் ஆகியவை நினைவுக்கு வரும். இவற்றை அரைநாள் நாடுகள் என்றே சொல்லிவிடலாம். லீக்டன்ஸ்டைன் மொத்தம் 160 சதுர கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது. சூரிச்சிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக வாடூஸுக்குப் போய், சுற்றுலா அலுவலகத்தில் காசு கொடுத்துக் கடவுச்சீட்டில் ஒரு நினைவு முத்திரை குத்திக்கொண்டு, மேலே தெரியும் அரண்மனையை அண்ணாந்து பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். அண்டோரா அழகான மலைநாடு. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர உதவும் ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை. பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வரவும் வேண்டும் என்பதால், ஒரு முறை நுழைவதற்கான விசா வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு வாரத்தைத் தாங்கும் சிறிய நாடு என்று தேடினால் மூன்று பெயர்கள் மிஞ்சுகின்றன. ஆல்ப்ஸ் மலையிலிருந்து ஏட்ரியாட்டிக் கடல்வரை நீளும் ஸ்லோவேனியா, பரப்பு 20,271 சதுர கிலோமீட்டர். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றுக்கும் நடுவில் இருக்கும் லக்சம்பர்க், 2,586. மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே கிடக்கும் மால்டா, 316. மூன்றிலும் யூரோதான் செல்லும். மூன்றும் ஷெங்கன் நாடுகள்.

விசாவை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் பலருடைய தேர்வை அதுதான் தீர்மானிக்கிறது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 90 நாள்வரை அவர்களுக்கு விசா தேவையில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. ஆக, பாரிஸில் ஐந்து நாள், லக்சம்பர்க்கில் இரண்டு நாள் என்றால் பிரான்ஸ் விசாவே போதும். ஸ்லோவேனியாவில் ஏழு நாள், வெனிஸில் இரண்டு நாள் என்றால் ஸ்லோவேனியாவிடம்தான் போக வேண்டும். எந்த நாட்டு விசா மையத்தில் முன்பதிவு நேரம் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிட்டு வேறு நாட்டில் சுற்றலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லையில் ஓட்டல் பதிவைக் காட்டச் சொன்னால் அவர்கள் கூட வரமாட்டார்கள்.

இனி நாடுகள். லக்சம்பர்க்கை முதலில் முடித்துவிடுகிறேன், அது எளிது.

2020 மார்ச் முதல் அந்த நாட்டில் பஸ், டிராம், ரயில் எதற்கும் டிக்கெட் இல்லை. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. வெளிநாட்டுப் பயணிக்கும் இது பொருந்தும். விமான நிலையத்திலிருந்து நகருக்கு வருவதும் இலவசம். தலைநகர் இரண்டு ஆறுகளின் ஆழமான பள்ளத்தாக்குகளுக்கு மேல் பாறை விளிம்பில் நிற்கிறது. பாறைக்குள் ஸ்பானியர்கள் 1644-இல் குடையத் தொடங்கிய ‘போக்’ எனப்படும் சுரங்கங்களில் நடக்கலாம். பீரங்கிக்காக வெட்டிய துவாரங்களின் வழியே கீழே வீடுகளும் தோட்டங்களும் தெரியும். இரண்டாம் உலகப் போரில் மக்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து ஒளிந்ததும் இங்கேதான். வடக்கே வியாண்டன் கோட்டை, கிழக்கே பாறைப் பிளவுகளுக்கு நடுவே நடைபாதை போகும் முல்லர்டால் காடு, தெற்கே மொசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன். ஆம், விசாவில் அச்சாகும் அதே பெயர்தான். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் அங்கே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். விசாவுக்காகக் கோப்பு சுமந்து அலைந்தவர்கள் ஒரு முறை போய்ப் பார்க்கத்தக்க இடம்!

இவ்வளவு இருந்தும் ஒரு வாரத்துக்கு லக்சம்பர்க்கைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. வங்கிகளும் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்களும் நிறைந்த ஊர் என்பதால் வேலை நாட்களில் ஓட்டல் அறைகள் எட்டாத விலைக்குப் போகின்றன. பயணத்தில் மிச்சமானது அறை வாடகையில் போய்விடும். வார இறுதியில் அதே அறை இறங்கிவரும். எனவே பாரிஸ் பயணத்தில் ஒரு வெள்ளி மாலை ரயிலேறி இரண்டே கால் மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்து, ஞாயிறு மாலை திரும்புவதுதான் லக்சம்பர்க்குக்குச் சரியான அளவு. காடுகளில் நாள்கணக்கில் நடக்கப் பிடித்தவர்கள் மட்டும் கூடுதலாகத் தங்கலாம்.

மால்டா முற்றிலும் வேறு மாதிரி. அங்கே ஓடும் ஆறு இல்லை, ஏரி இல்லை, மலை இல்லை, ரயிலும் இல்லை. ஐரோப்பா என்றால் பச்சை என்று மனத்தில் படம் வைத்திருப்பவர்கள் விமானத்திலிருந்து கீழே பார்த்ததும் திகைப்பார்கள்: தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லும் நீலக் கடலும் மட்டுமே. மால்டாவுக்குப் போக வேண்டியது வரலாற்றுக்காக. கோசோ தீவிலுள்ள ஜகான்டியா கோவில்கள் கிறிஸ்துவுக்கு முன் 3600 வாக்கில் எழுந்தவை, எகிப்தின் பிரமிடுகளைவிட மூத்தவை. உலோகக் கருவி அறியாத மக்கள் அந்தப் பாறைகளை நிறுத்தியிருக்கிறார்கள். அதே காலத்து மக்கள் பாறைக்குக் கீழே குடைந்த ஹைபோஜியம் என்ற நிலத்தடிக் கல்லறை 1902-இல் கண்டெடுக்கப்பட்டது. மூச்சுக்காற்றின் ஈரம் சுவரோவியத்தைக் கெடுக்கும் என்பதால் நாளொன்றுக்கு 80 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே, கோடையில் போவதென்றால் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். விமான டிக்கெட் எடுத்த கையோடு செய்ய வேண்டிய வேலை இது.

1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்தத் தீவுகளைப் புனித ஜான் மரபின் வீரத்துறவிகளுக்குக் கொடுத்தார். ஆண்டு வாடகை ஒரு வல்லூறு. 1565-இல் ஒட்டோமான் படை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டே அந்த வீரர்கள் அடிக்கல் நாட்டிய கோட்டை நகரம்தான் இன்றைய தலைநகர் வலேட்டா. ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய ஊர். ஆனால் புனித ஜான் பேராலயத்துக்குள் நுழைந்தால் அந்தக் கணக்கு உதவாது. வெளியே சாதாரணக் கற்கட்டடம். உள்ளே விளிம்புவரை தங்க முலாம். தரை முழுக்கப் பல வண்ணப் பளிங்கில் இழைத்த கல்லறைப் பலகைகள். ஒவ்வொன்றிலும் எலும்புக்கூடும் தேவதையும் குலச் சின்னமும். அந்தப் பளிங்கைக் காப்பதற்காகக் கூர்முனைக் குதிகால் செருப்புகளுக்குத் தடை. பக்கத்து அறையில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ 1608-இல் வரைந்த புனித யோவானின் தலை வெட்டப்படும் காட்சி இருக்கிறது. அவர் தம் பெயரைக் கையெழுத்தாக இட்ட ஒரே ஓவியம் அதுதான். தரையில் வழியும் இரத்தத்தில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு முடிவதற்குள் அந்த ஓவியத்தின் முன்னாலேயே அவரும் உறுப்பினராக இருந்த அந்த வீரத்துறவிகளின் மரபிலிருந்து அவரை நீக்கிச் சடங்கு நடத்தினார்கள். மால்டாவில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இந்த அறைக்குத்தான் போகச் சொல்வேன்.

நமக்கு வசதியான நாடும் அதுதான். ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. 1964வரை பிரிட்டன் ஆண்டதால் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. பட்டாணி வைத்த பஸ்டிஸி எந்தத் தெருமுனையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்; நம் பேக்கரிப் பப்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வாங்கும்போது பட்டாணியா, ரிக்கோட்டா பாலாடையா என்று கேட்பார்கள். வேலைக்கு வந்த இந்தியர்களும் ஏராளம் என்பதால் பஸ் ஓட்டுநரே ஊர்ப்பேச்சு பேசுகிறவராக அமையலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நாடு அது. ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பக்கமெல்லாம் பளுதூக்கும் இயந்திரங்களும் கான்கிரீட்டும். சாலையில் நெரிசல், பஸ் நிறைந்துவிட்டால் நிற்காமலே போகும். மணற்பாங்கான கடற்கரைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கொமினோத் தீவின் நீலக் காயலில் கோடையில் கால்வைக்க இடமிருக்காது. 2025 முதல் முன்பதிவு முறையே கொண்டுவந்துவிட்டார்கள். பழைய விளம்பரப் படங்களில் பார்க்கும் நீலச் சாளரம் என்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. அதைத் தேடிப் போக வேண்டாம். இதற்கெல்லாம் மாற்று, வலேட்டாவில் மூன்று இரவும் கோசோவில் மூன்று இரவும் தங்குவது. கோசோவுக்குக் கார் ஏற்றும் பெரிய படகு 25 நிமிடத்தில் போகும். போகும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் காசு. தீவுக்குப் போனவன் எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும்.

ஸ்லோவேனியாவுக்கு வருவோம். பெயர் தெரியாமலே அந்த நாட்டின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: ஏரி, நடுவில் ஒரு குட்டித் தீவு, தீவில் வெள்ளைக் கோபுரத் தேவாலயம், பின்னால் பாறை உச்சியில் கோட்டை, அதற்கும் பின்னால் பனிமலை. அது பிளெட் ஏரி. தீவுக்குப் ப்ளெட்னா என்ற தட்டையடிப் படகில் போக வேண்டும். படகோட்டி பின்னால் நின்றுகொண்டு இரண்டு துடுப்புகளை வலிப்பார். இரு பக்கமும் எடை சமமாக இருக்கும்படி ஆட்களை மாற்றி உட்காரவைப்பார். மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லாததால் துடுப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இறங்கியதும் 99 கற்படிகள். அங்கே திருமணம் செய்துகொள்ளும் மணமகன் மணமகளைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏற வேண்டும் என்பது வழக்கம். ஏரியைச் சுற்றி நடக்க ஆறு கிலோமீட்டர். நடந்த களைப்புக்கு 1953 முதல் அங்கே பேர்போன சதுர வடிவக் கிரீம் கேக் உண்டு; உள்ளிருக்கும் மஞ்சள் பாகம் முட்டையில் செய்தது என்பதைச் சைவர்கள் கவனிக்கவும்.

ஆனால் ஜூலை, ஆகஸ்டில் பிளெட் ஒரு திருவிழாக் கடைத்தெரு. என் யோசனை, பிளெட்டைப் பகலில் பார்த்துவிட்டு 26 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போஹினில் தங்குங்கள். அங்குள்ள ஏரி பெரியது, நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். திரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் கரையில் கட்டடங்கள் அதிகமில்லை. கற்பாலத்தின் மேல் நின்று குனிந்தால் அடியில் மீன்கள் நிழலோடு நகர்வது தெரியும். வோகல் மலைக்குக் கம்பிவட ஊர்தி இருக்கிறது. 78 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சாவித்சா அருவிக்குப் படியேறி நடக்க வேண்டும். மேகம் விலகினால் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 2,864 மீட்டர் திரிக்லாவ் தெரியும். தேசியக் கொடியில் இருப்பதும் அதே மலைதான்.

தெற்கே சுண்ணாம்புப் பீடபூமி. அங்கே ஸ்லோவேனியாவுக்குள்ளேயே இன்னொரு தேர்வு காத்திருக்கிறது: போஸ்டோய்னா குகையா, ஷ்கோத்சியான் குகையா? போஸ்டோய்னாவுக்குள் 1872 முதல் தண்டவாளம் இருக்கிறது. அன்று வழிகாட்டிகள் வண்டியைத் தள்ளினார்கள், இன்று மின்ரயில். மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ரயிலிலும் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தும் பார்த்து ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். வெளியே எந்தப் பருவமானாலும் உள்ளே ஏறக்குறைய 10 டிகிரிதான், ஸ்வெட்டர் கட்டாயம். குகை நீரில் வாழும் புரோட்டியஸ் என்ற உயிரியைக் கண்ணாடித் தொட்டியில் காட்டுவார்கள். கண் தெரியாது, தோலுக்கு நிறமில்லை, கழுத்தோரம் இளஞ்சிவப்புச் செவுள்கள், ஒரு சாண் நீளம். ஆண்டுக்கணக்கில் தீனியில்லாமல் இருக்கும், நூறு ஆண்டுவரை வாழக்கூடும். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டதைப் பார்த்த அந்தக் காலத்து மக்கள் டிராகன் குட்டி என்று நம்பினார்கள். 2016-இல் அந்தத் தொட்டியிலேயே முட்டை பொரிந்து குஞ்சுகள் வந்தது உலகச் செய்தியானது.

ஷ்கோத்சியானில் ரயில் கிடையாது, விளக்கு அலங்காரமும் குறைவு. 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ரேகா என்ற ஆறு தரையிலிருந்து மறைந்து பூமிக்குள் புகுந்து, அங்கே ஒரு பள்ளத்தாக்கையே வெட்டி வைத்திருக்கிறது. நாற்பது மீட்டருக்கு மேல் உயரத்தில் ஒரு சிறு பாலம். கீழே இருட்டில் ஆறு இரைகிறது. எதிர்ச்சுவரில் நடைபாதை விளக்குகள் புள்ளிகளாகத் தெரிகின்றன. உள்ளே நூற்றுக்கணக்கில் படிகள், புகைப்படம் எடுக்கத் தடை. பிள்ளைகளோடும் முழங்கால் வலியோடும் போகிறவர்களுக்குப் போஸ்டோய்னா. மற்ற எல்லோருக்கும், தயக்கமே இல்லாமல், ஷ்கோத்சியான்.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கடல். மொத்தக் கடற்கரையே 47 கிலோமீட்டர்தான் என்றாலும், பல நூற்றாண்டு வெனிஸ் ஆட்சியில் இருந்த பீரான் நகரம் அதில் இருக்கிறது. வயலின் மேதை தார்த்தினி 1692-இல் பிறந்த ஊர்; சதுக்கத்தில் அவர் சிலை. பக்கத்திலுள்ள செச்சோவ்லியே உப்பளங்களில் பாத்தியின் அடியில் நுண்ணுயிர்ப் படலம் ஒன்றை வளர்த்துப் பேணுகிறார்கள். சேறு கலக்காமல் உப்பு வெள்ளையாக விளைவது அதனால்தான். கோடையில் போனால் மரப்பலகையால் உப்பு வாருவதைப் பார்க்கலாம். தலைநகர் லியுப்லியானா அமைதியான ஊர். மையப் பகுதியில் கார்கள் கிடையாது. பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞரின் பாலங்களும் சந்தையும் 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. வெயில் காலத்து வெள்ளிக்கிழமைகளில் சந்தைத் திடலில் திறந்தவெளிச் சமையல் விழா நடக்கும். பாலாடை வைத்துச் சுருட்டி வேகவைத்த ஷ்ட்ரூக்லி, பக்வீட் மாவுக் களி, காளான் சூப் என்று சைவர்களுக்கும் வழி உண்டு. சூப்பில் மட்டும் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லோவேனியாவின் பலவீனம் போய்ச் சேர்வதில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல் அல்லது ஏதாவது ஒரு ஜெர்மன் நகரம் வழியாக மாற வேண்டும், இல்லையென்றால் வெனிஸில் இறங்கிச் சுமார் 250 கிலோமீட்டர் தரைவழி. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மழை அடிக்கடி வரும். வலப்பக்கம் ஓட்டத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் வாடகைக் கார் நல்லது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் நெடுஞ்சாலைக்கான மின்னணு வின்யெட் அனுமதியும் வேண்டும். கார் இல்லாவிட்டாலும் பயணம் கெட்டுவிடாது, பிளெட்டுக்கும் போஸ்டோய்னாவுக்கும் பீரானுக்கும் லியுப்லியானாவிலிருந்து பஸ் இருக்கிறது.

பருவத்தை வைத்துப் பார்த்தால் குழப்பம் குறையும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை விடுமுறை கிடைக்கிறவர்கள் மால்டாவுக்குப் போகலாம். கடலில் இறங்க முடியாது; ஆனால் மெல்லிய குளிர், காலியான தெருக்கள், இறங்கிய அறை வாடகை. நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களுக்கு மூன்று நாடுகளும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் மால்டாவின் வெயிலைத் தேடிப் போவது பணம் கொடுத்து வாங்கும் தண்டனை. படியேறுவது சிரமம் என்கிற பெற்றோரோடு போனால் போஸ்டோய்னா ரயில், பிளெட் கரை, லியுப்லியானாவின் சமதளம் ஆகியவை கைகொடுக்கும். வலேட்டாவின் தெருக்களோ படிக்கட்டும் சரிவுமாகவே இருக்கின்றன.

என்னைக் கேட்டால் முதல் தேர்வு ஸ்லோவேனியா, மே மாத இரண்டாம் பாதியில் அல்லது செப்டம்பரில். லியுப்லியானாவில் நான்கு இரவு தங்கிக் குகையையும் கடலையும் பார்த்துவிட்டு, போகிற வழியில் பிளெட்டில் ஒரு பகல் இறங்கி, போஹினில் மூன்று இரவு. வெள்ளியும் ஞாயிறும் லியுப்லியானாவில் விழும்படி தேதியை அமைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சமையல் விழா இருக்கும், ஞாயிறன்று மலைக்கிராமங்களுக்குப் பஸ் குறைவு.